நிமிடத்துக்கு ஐம்பத்தாறு

சட்டை தைக்கும் ஆலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். தைத்து வரும் சட்டைகளைச் சோதிக்கும் மேஜையில் ஏழு வருடமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. அந்தக் கண்தான் இரண்டு வருடமாக எரிந்துகொண்டிருந்தது. வாயும் அடிக்கடி வறண்டது. பஞ்சுத் தூசி என்றார்கள். அவளும் நம்பி, சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

கல்யாணமாகி ஐந்தாவது வருடம் உண்டானாள். ஆறாம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது, வயிற்றில் கருவியை வைத்த நர்ஸ் பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொண்டாள். கருவியை இடம் மாற்றினாள். பிறகு கழுகின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள்.

"என்ன சிஸ்டர், தூங்குதா? அப்பா மாதிரியே சோம்பேறியா வரப்போகுது."

"இருங்கம்மா, உங்க நாடியத்தான் கேக்கறேனோன்னு பாத்தேன். உங்களுது எண்பத்தெட்டு. இது ஐம்பத்தாறு."

"எவ்வளவு இருக்கணும்?"

"நூத்தி நாப்பது பக்கம்," என்று சொல்லிவிட்டு நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து இதய டாக்டர் அம்மா கூப்பிட்டு உட்கார வைத்தார். கழுகின் கணவன் லிப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் கறையோடு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான்.

"உங்க ரத்தத்துல ஒரு எதிர்ப்பொருள் இருக்கும்மா. கிருமிய எதிர்க்க வேண்டியது, ஆள் தெரியாம உங்க உடம்பையே எதிர்க்குது. கண்ணு எரியறது, வாய் காயறது எல்லாம் அதனாலதான். உங்களுக்கு அதோட நின்னுடுச்சு. ஆனா அது குழந்தைக்கும் போயிருக்கு. இதயத்தோட மேல் அறையிலருந்து கீழ் அறைக்குத் துடின்னு சேதி போற பாதையத் தழும்பாக்கிடுச்சு. சேதி வராததால கீழ் அறை தன் போக்குல மெதுவா துடிக்குது."

"தழும்பு ஆறாதா?"

"ஆறாதும்மா. பிறந்ததும் இதயத்தத் துடிக்க வைக்க ஒரு சின்னப் பெட்டி வைக்கலாம். அதுவரைக்கும் இதயம் தாங்கணும்." டாக்டர் கொஞ்சம் நிறுத்தினார். "இந்த எதிர்ப்பொருள் இருக்கற நூறு பேர்ல ரெண்டு பேருக்குத்தான் இப்படி ஆகும். இதுல உங்க தப்பு எதுவும் இல்ல."

நூறில் இரண்டு. ஆலையில் அவள் கழித்துப் போடும் கணக்கும் ஏறக்குறைய அதுதான். கழித்ததைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுப்பாள். இங்கே எதை எடுப்பது?

வீட்டில் மாமியார் காத்திருந்தார். வாய் கொஞ்சம் நீளம், மனசு அப்படியில்லை. விஷயம் கேட்டதும் பதறிப்போனார். "மூணாம் மாசம் ஏணியில ஏறாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே! யார் கேட்டா? வயித்துப் பிள்ளைக்காரி இன்னொருத்தி ஷிப்டையும் சேத்துப் பாக்கறா!"

கழுகு தலைகுனிந்து நின்றாள். அப்போது கணவன், கை கழுவிக்கொண்டே, "அவள ஏம்மா சொல்ற? இது நம்ம குடும்பத்துலருந்து வந்ததாம். டாக்டரே சொன்னாங்க," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அன்றோடு மாமியாரின் வாய் அடைத்துவிட்டது. கழுகுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்காகப் பின்னால் எத்தனையோ நாள் தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

வாரா வாரம் ஸ்கேன். ஐம்பத்தாறு, ஐம்பத்து நான்கு, ஐம்பத்து மூன்று. எட்டாம் மாதம் ஒரு மதியம், துணி துவைக்கும் இடத்தில் மாமியார் ஈரத்துணியை மடியில் வைத்தபடி உட்கார்ந்து அழுவதைப் பார்த்தாள்.

"அத்தை, என்னாச்சு?"

"இவனுக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான்டி எனக்கு. பதினோரு நாள். திடீர்னு நீலம் பாஞ்சு போயிட்டான். எதனாலன்னு ஒருத்தரும் சொல்லல. பால் புரையேறிச்சா, நான்தான் தூங்கிட்டேனான்னு முப்பத்தாறு வருஷமா கெடந்து மாஞ்சேன். இப்பதான் தெரியுது. எங்க ரத்தம். அவனையும் காவு வாங்கிச்சு, இப்ப உன் பிள்ளைக்கும் வந்திருக்கு. நீ என்ன மன்னிச்சிடும்மா."

கழுகு பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அத்தை, அது பொய். உங்க ரத்தம் இல்ல, என் ரத்தம்தான். நீங்க என்னத் திட்டக் கூடாதுன்னு உங்க மகன் அப்படிச் சொல்லிட்டாரு. நானும் வாயத் தொறக்கல."

மாமியார் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவர் கோபிக்கவில்லை. துணியைப் பிழிந்தார், பிரித்தார், மறுபடி பிழிந்தார்.

"அப்ப என் பிள்ள எதுல போனான்னு எனக்குத் திரும்பவும் தெரியாமப் போச்சே," என்றார்.

கழுகு ஈரத்துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் துடிப்பு இன்னும் குறையவே, காத்திருக்காமல் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தலை நிறைய முடி, அப்பனின் காது. மூன்றாம் நாள் பெட்டி வைத்தார்கள். துடிப்பு நூறுக்கு மேல் ஏறியதும் கணவன் வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதான். ஆனால் மாதக்கணக்கில் மெதுவாக ஓடிக் களைத்த இதயத்தின் தசை ஏற்கெனவே நைந்துபோயிருந்தது. பெட்டி சேதி அனுப்பிக்கொண்டே இருந்தது, தசைக்குத்தான் தெம்பில்லை. ஒன்பதாம் நாள் காலை, கழுகின் மார்பில் கிடந்தபடியே குழந்தையின் மூச்சு அடங்கியது.

கணவன் சுவரைப் பிடித்தபடி நின்றான். மாமியார்தான் நேராக டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"என்ன காரணம்னு எழுதிக் குடுங்கம்மா. விவரமா, எங்களுக்குப் புரியற மாதிரி."

டாக்டர் எழுதிக் கொடுத்தார். மாமியாருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். காகிதத்தைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து மருமகளிடம் நீட்டினார்.

"படி."

கழுகு படித்தாள். எதிர்ப்பொருள், தழும்பு, தசை பலவீனம். கடைசி வரியில், தாயின் செயல் எதுவும் இதற்குக் காரணமில்லை என்று இருந்தது.

"அந்த வரிய இன்னொரு தடவ படி," என்றார் மாமியார்.

அவள் படித்தாள். மாமியார் காகிதத்தை வாங்கி நான்காக மடித்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.