நாலாம் ஓட்டை

செம்மநத்தத்துச் சின்னராஜிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. பலாவோ மிளகோ காபியோ, ஏற்காட்டு மலையில் அந்தந்தக் காலத்துக்கு எது விளைகிறதோ அதை ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாகச் சேலம் மார்க்கெட்டுக்கு இறங்குவான். சரக்கு இறங்கி முடியும்வரை செல்போன்தான் அவனுக்குத் துணை. அப்படி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருநாள்தான் யூடியூபில் அந்த வெள்ளைக்காரர் அகப்பட்டார்.

வழுக்கைத் தலை, வெள்ளைத் தாடி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு மவுத் ஆர்கனை வாயில் வைத்து, முதலில் ரயில் போகிற மாதிரி ஊதினார். பிறகு ஒரு சத்தத்தைப் பிடித்து மெல்ல மெல்லக் கீழே இழுத்தார். யாரோ அழுகிற மாதிரியும் இருந்தது, அழுகையினூடே சிரிக்கிற மாதிரியும் இருந்தது. சின்னராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. புளூஸ் என்று அதற்குப் பெயராம். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்காக அவர் வரிசையாகப் பாடம் போட்டிருந்தார், அத்தனையும் இலவசம். லோடுமேன் வந்து கதவைத் தட்டும்வரை சின்னராஜ் அதிலேயே கிடந்தான்.

அன்று ஊருக்குத் திரும்புமுன் கடைவீதியில் ஒரு மவுத் ஆர்கன் வாங்கினான். கடைக்காரர் சின்னதைக் காட்டாமல் பெரிதாக, இரண்டு வரிசை ஓட்டை வைத்ததாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று இவனும் வாங்கிக்கொண்டான்.

வீட்டில் சிக்னல் சரியாக வராது. ஏற்காடு டவுனில் நிறுத்திப் பாடங்களை போனில் இறக்கிக்கொண்டு போவான். சாயங்காலமானால் அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைச் சுவரில் சாய்த்துவிடுவான். இங்கிலீஷ் பாதிக்குமேல் புரியாது. தாடிக்காரர் வாயைக் குவித்தால் இவனும் குவிப்பான், கன்னத்தை உள்ளே இழுத்தால் இவனும் இழுப்பான். ரயில் ஒருவழியாக ஓடத் தொடங்கியது. ஆனால் பாடத்துக்குப் பாடம் நாலாம் ஓட்டையில் அவர் வளைத்து வளைத்துக் காட்டிய அந்த அழுகைச் சத்தம் மட்டும் இவனுக்கு வரவே இல்லை. மூச்சைப் பிடித்து இழுத்து, கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

அவன் மனைவி மேனகா களி கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். சொன்னது பக்கத்து வீட்டுப் பாப்பாத்திதான்.

"ஏம்புள்ள மேனகா, உங்க ஊட்டுல கன்னுக்குட்டிக்கு நோவு ஏதாச்சுமா? நேத்தெல்லாம் ஒரே அனத்தலா இருந்துச்சு."

"கன்னுக்குட்டி இல்லீங்கக்கா, எங்க ஊட்டுக்காரரு."

"அடக் கடவுளே, டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

சின்னராஜ் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டான். ஆனால் தன் வாயிலேயே ஏதோ கோளாறு என்று அவனுக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது. கடைசியில், தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தைகளைக் கோத்துப் பாடத்தின் கீழே எழுதிப் போட்டான்: ஐயா, என் மவுத் ஆர்கனில் ரெண்டு வரிசை ஓட்டை, சத்தம் வளையவில்லை. இரண்டாம் நாள் எந்த நாட்டுக்காரரோ ஒருவர் பதில் போட்டிருந்தார். அந்த ஜாதி வளையாதாம். ஒரே வரிசை, பத்தே ஓட்டை உள்ளதுதான் புளூசுக்கு ஆகுமாம்.

"பாத்தியா! என் வாய்மேல குத்தமே இல்ல!" என்று சின்னராஜ் வீட்டுக்குள் குதித்தான்.

புதியதை ஆன்லைனில் சொல்லிவிட்டு, கூரியர் வந்ததும் டவுனுக்குப் போய் வாங்கி வந்தான். அன்றைக்கு அதை மேனகா கையில்கூடக் கொடுக்கவில்லை. "நொம்ப மென்மையான சாமான் புள்ள, பாத்துக்கோ, தொட்டுராதே" என்று அலமாரியில் வைத்தான். அப்புறம் ஒரு மாதம் ஊதினான். புதியதிலும் வளையவில்லை. இப்போது குற்றத்தை எதன்மேல் போடுவது என்றும் தெரியவில்லை.

பலாக்காலம் தொடங்கிவிட்டது. ஒருநாள் சேலத்தில் சரக்கு சீக்கிரமே விற்றுப்போக, மத்தியானமே ஊர் வந்து சேர்ந்தான். அப்போதுதான் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டுக் காபிச் செடிகளுக்கு நடுவே ஏறி வந்தவன், வீட்டுக்குப் பத்தடி முன்னால் அப்படியே நின்றான்.

அந்தச் சத்தம். மேலே பிடித்து, மெல்லக் கீழே இறக்கி, அடியில் கொஞ்சம் நடுங்கவிட்டு மறுபடி மேலே. நாலாம் ஓட்டை. எத்தனை தரம் கேட்டிருப்பான், வேறு எதுவாகவும் இருக்க வழியே இல்லை.

மேனகா பாடத்தைப் போட்டுக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தான். நினைத்த கையோடு சட்டைப்பையைத் தொட்டான். போன் அங்கேதான் இருந்தது. மேனகாவிடம் இருப்பதோ பட்டன் போன். அந்தத் தாடிக்காரரே நம்ம ஊட்டுக்கு வந்துட்டாரோ என்று ஒரு நொடி அவனுக்குத் தோன்றியது உண்மை. பூனை மாதிரி அடிவைத்துப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தான்.

கவிழ்த்த கூடைமேல் மேனகா உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி உரித்த மொச்சை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் மவுத் ஆர்கனைப் பொத்திக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்குட்டி ஒன்று எதிரில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

இவன் கால் பட்டு ஒரு தகரம் உருண்டது. அவள் திடுக்கிட்டு, கையிலிருந்ததை மொச்சைக்குள் புதைத்தாள்.

"ஏனுங்க, இந்நேரத்துக்கே வந்துட்டீங்க?"

"எப்ப இருந்து இது?"

"தூசி தொடைச்சு வைக்கலாம்னுதான் ஒருநாள் எடுத்தனுங்க. சும்மா ஊதிப் பாத்தேன்." கொஞ்சம் தயங்கி, "நல்லா இருந்துச்சு. அப்புறம் தெனமும் எடுத்தேன்" என்றாள்.

"நாலாம் ஓட்டை வளைஞ்சுதே!"

"அது நாலாம் ஓட்டைங்களா? எனக்கு நெம்பரெல்லாம் தெரியாதுங்க."

அந்தப் பேச்சுதான் சின்னராஜைச் சுட்டது. நேராக முகம் கழுவப் போய்விட்டான். ராத்திரி சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் மார்க்கெட்டில் போனைத் திறக்கவில்லை. சாயங்காலம் வந்ததும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கெட்டுப்போகாத பிரேக்கைப் பார்த்தான். அதற்கடுத்த நாளும் அதே பிரேக். அடுப்படியில் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை.

மூன்றாம் நாள் மேனகா காபித் தம்ளரோடு வந்தாள். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் காலுக்குப் பக்கத்தில் தம்ளரை வைத்தாள். அதற்குப் பக்கத்தில் மவுத் ஆர்கனையும் வைத்தாள்.

"கோவிச்சுக்கிட்டுப் படுத்தா வளைஞ்சுருமாக்கும்? எந்திரிச்சு வாங்க."

"எனக்குத்தான் வரலியே. வர்றவங்களே ஊதட்டும்."

"நான் ஆட்டைக் கூப்பிடறப்ப எப்படிச் சீட்டி அடிப்பேன்? மூச்சை உள்ள இழுத்துத்தானே? நீங்களும் அப்படி அடிங்க பாக்கலாம்."

வெளியே வந்து உட்கார்ந்து, வேண்டா வெறுப்பாக அடித்தான்.

"இப்ப அதே சத்தத்தைக் கீழ எறக்குங்க. இன்னும். இன்னும் கீழ. ஆங், நாக்கு எங்க போகுது?"

சின்னராஜ் யோசித்தான். "பின்னால போகுது. பின்னால போய்க் குழியுது."

"அவ்வளவுதானுங்க. அந்தத் தாடிக்காரரும் ஈ, ஊன்னு அதைத்தான் சொல்லிட்டு இருக்காரு. நீங்க அவரு கன்னத்தையே பாக்கறீங்க. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு இருந்தனா, எனக்குக் காது மட்டும்தானே!"

அவன் மவுத் ஆர்கனை வாயில் வைத்தான். இழுத்தான், நாக்கைக் குழித்தான். முதல் தடவை காற்றுதான் வந்தது. அடுத்த தடவை சத்தம் தடுமாறி, சரிவில் வழுக்குகிற மாதிரி ஒரு சாண் கீழே இறங்கியது.

சின்னராஜ் போட்ட கூச்சலில் கோழிகள் பறந்தன. பாப்பாத்தி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "கன்னு பொழைச்சுக்கிச்சா?" என்று கேட்டாள்.

அதிலிருந்து இரண்டு பேருமாகவே பாடம் பார்த்தார்கள். இருப்பது ஒன்று, வாய் இரண்டு என்பதால் சண்டையும் வந்தது. அவன் இன்னொன்று ஆன்லைனில் சொன்னான். வந்ததில் வேறு ஏதோ எழுத்து போட்டிருந்தது, அது வேறு சுருதி என்று இருவருக்கும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து ஊதிய ராத்திரியில், தெருநாய்கள் எல்லாம் ஒருசேர ஊளையிட்டதும்தான் விஷயம் புரிந்தது. மேனகா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இனி ஒருவர் ஊதினால் மற்றவர் தாளம் போடுவது என்று முடிவாயிற்று.

சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. அக்கம்பக்கத்தாரைப் பிக்கப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டு சின்னராஜ் போனான். சாமி கும்பிட்டு இறங்கும்போது டூரிஸ்ட் கார்களும் பஸ்களும் முட்டிக்கொண்டு ரோடே அடைத்துப்போய் நின்றது. முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் போகமுடியாது. பனி இறங்கத் தொடங்கிவிட்டது. சலித்துப்போன பாப்பாத்தி, பின்னால் உட்கார்ந்தபடியே வாய்க்கு வந்ததை இழுத்துப் பாட ஆரம்பித்தாள்.

"எட்டுப் பலா காச்சுதுன்னு எண்ணி எண்ணி வச்சிருந்தேன்..."

அதையே இன்னொரு தரம் பாடினாள். அப்புறம்,

"ஏழையும் கொரங்கு தின்னுப்புட்டு எட்டாவத கேக்குதுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னராஜ் சிரிக்கவில்லை. ஒரே வரியை இரண்டு தரம் பாடு, மூன்றாவதில் விஷயத்தைப் போடு. நடுவில் மவுத் ஆர்கன் பதில் சொல்லட்டும் என்று தாடிக்காரர் விரல்விட்டு எண்ணிக் காட்டியது அவனுக்குப் பளிச்சென்றது. வண்டியைவிட்டு இறங்கிப் பின்னால் ஓடி, மடியில் செருகி வந்திருந்த மவுத் ஆர்கனை எடுக்கச் சொல்லி மேனகாவிடம் சைகை காட்டினான்.

"இத்தனை பேர் முன்னாலயா? போங்க!"

"அக்கா பாடறாங்க, நீ பதில் சொல்லு. அவ்வளவுதான். நான் தாளம் போடறேன்."

வண்டியின் பக்கத் தகரத்தில் அவன் தட்டினான். பாப்பாத்தி அடுத்ததைத் தொடங்கினாள்.

"காலைப் பஸ்ஸு வருமுன்னு கல்லுமேல குந்தியிருந்தேன்..."

வரி முடிந்து மூச்சு வாங்கிய இடத்தில் மேனகா தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஒரு சத்தத்தை வளைத்து இறக்கினாள். பாப்பாத்தி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். கண்ணை அகல விரித்து, இன்னும் உரக்க அதே வரியை எடுத்தாள். மேனகா இந்தமுறை தலையைத் தூக்கியே பதில் சொன்னாள்.

"கல்லு தேஞ்சு போச்சுதுங்க, காலைப் பஸ்ஸைக் காணலீங்க!"

பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவரே ஜன்னலில் கையால் தட்டிக்கொண்டு சிரித்தார். கார்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து சுற்றிலும் நின்றார்கள். காபிச் செடியைத் தின்ற காட்டெருமையைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. விலை சொல்லாமல் மிளகு கேட்கும் வியாபாரியைப் பற்றி ஒன்று வந்தது. மேனகாவின் முகத்தைச் சின்னராஜ் பார்த்தான். வண்டிக்கடியில் படுத்துக் கிடந்த நாட்களை நினைத்தால் அவனுக்கே சிரிப்பு வந்தது. இவ யாரு பொஞ்சாதின்னு கேக்கமாட்டானா எவனாச்சும் என்று சுற்றிலும் பார்த்தான்.

முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன. அவன் ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"அட இரு சாமி, இன்னும் ரெண்டு பாட்டு இருக்குது!" என்று பாப்பாத்தி பின்னாலிருந்து கத்தினாள்.

"ஓடற வண்டியிலயும் பாடலாங்கக்கா, பாடுங்க!"

பாட்டு தொடர்ந்தது. முதல் வளைவு வந்தது. மேனகா பதில் சொல்லி முடிக்கிற இடம் பார்த்து, தாளம் தப்பாமல் சின்னராஜ் ஹாரனை அழுத்தினான்.