சிவப்பு வண்டிக்கு முதல் விலை

1.

சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. என் சகலை வீட்டு வாசலில், அவருடைய சிவப்பு வண்டிக்கு அடியில், பச்சையாக ஒரு சின்னக் குட்டை போலத் தேங்கிக் கிடந்தது. செருப்புக் காலோடு மிதித்துவிட்டு, "என்ன இது?" என்று கேட்டேன். அவ்வளவுதான். சகலை என்னை உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தார். எழுந்தபோது காப்பி ஆறியிருந்தது, கையில் பாதிக் கதை இருந்தது. மீதிப் பாதி பிறகு தானாக நடந்து வந்து சேர்ந்தது. முதலீடு இல்லாத சரக்கு. அதனால்தான் உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தர முடிகிறது.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறார்: குழாய், ஷவர், வாஷ்பேசின். என் அப்பா துணி விற்றார், அவர் அப்பா பூட்டு விற்றார், எங்கள் இருவருக்கும் பெண் கொடுத்த வீட்டில் கயிறு விற்றார்கள். மூன்று பக்கமும் பேரத்தில் பிறந்து பேரத்தில் வளர்ந்த கூட்டம். எங்கள் வீடுகளில் முதல் விலை என்பது விலையே இல்லை. அது ஒரு வணக்கம். கேட்டவர் பாதியாகக் குறைத்துக் கேட்க வேண்டும். அதுதான் பதில் வணக்கம். அப்புறம்தான் பேச்சே தொடங்கும்.

(இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.)

2.

இதுவரை மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "அந்தி வெயில் அந்தச் சிவப்பு மேனியின் மீது வழுக்கி இறங்கியபோது, காலம் தன்னைத் தாண்டிப் போய்விட்டதை அவர்—"

வேண்டாம். வெயிலுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது: "பழைய ஹேட்ச்பேக் கார்களின் செலவை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ் மற்றும்—"

இதையும் முடிக்க முடியவில்லை. அந்த 'மற்றும்'தான் காரணம். சகலை பல வருடங்களாக அந்த 'மற்றும்'முக்குள்தான் குடியிருக்கிறார்.

மூன்றாவது: "வண்டியா, மாடியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றாள் என் கொழுந்தியா.

இது நிற்கும். இதில்தான் விஷயமே இருக்கிறது. குழாய்க் கடைக்கு மேலே இருக்கும் மாடி காலியாகிறது. அதை எடுத்தால் குளியல் தொட்டிகளைப் பரப்பி வைக்கலாம். இப்போது அவை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடக்கின்றன, வாங்க வந்தவர் கழுத்தைச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாடிக்கு முன்பணம் வேண்டும். வண்டியை விற்றால் அது கிடைக்கும். கடைக் கணக்கைப் பார்ப்பவள் கொழுந்தியாதான். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாளுக்குள் வண்டி போயாக வேண்டும் என்று கெடு வைத்துவிட்டாள்.

3.

வண்டியை அறிமுகப்படுத்த வேண்டும். பார்வைக்குச் சாது. சின்ன உடம்பு, மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு, காய்கறி வாங்கப் போகிற முகம். உள்ளேதான் விஷமம்: அந்தச் சின்ன உடம்புக்குள் பெரிய கார் ஒன்றின் டர்போ இன்ஜினைத் திணித்து விற்றிருந்தார்கள். சகலைக்குக் கல்யாணமான புதிதில் அது ஷோரூம் கண்ணாடிக்கு உள்ளே நின்றது, இவர் வெளியே நின்றார். ரொம்ப வருடம் கழித்து, நான்காவது கையாக, மலிவாக வந்தபோது அள்ளிக்கொண்டார்.

அங்கேதான் கணக்கு இடித்தது. குறைந்தது வண்டியின் விலை மட்டும்தான். தன் விலை குறைந்துபோன சேதியை வண்டிக்கு யாரும் சொல்லவில்லை. அது பழைய அந்தஸ்திலேயே சாப்பிட்டது, பழைய அந்தஸ்துக்கே செருப்புக் கேட்டது. நொடித்துப்போன ஜமீன்தாரை வீட்டோடு வைத்துக்கொண்ட மாதிரி.*

* இந்த உவமை கொஞ்சம் பழசு. மாற்றலாம் என்று பார்த்தேன். புது உவமைகள் எல்லாம் விலை ஜாஸ்தி.

4.

இனி பச்சைக் குட்டையின் வரலாறு.

மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'பார்க்கலாம்' என்றே பெயர். சத்தம் வருதே? பார்க்கலாம். சரியாகிடுமா? பார்க்கலாம். எவ்வளவு ஆகும் என்று கேட்டால் மட்டும் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய காலம் வந்தது. இன்ஜின் தாளம் தப்பாமல் ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் ரப்பர் பட்டை அது. அறுந்தால் இன்ஜினே போயிற்று. அதைத் தொடுவதற்கு இன்ஜினின் ஒரு பக்கத்தையே பிரித்துப் போட வேண்டும். அந்தப் பட்டையை ஒட்டியே உட்கார்ந்திருப்பது தண்ணீர் பம்ப்.

"பெல்ட்டோட பம்பையும் மாத்திடுவோம் சார்."

"பம்ப் ஒழுகுதா?"

"இப்ப ஒழுகல."

"அப்புறம் எதுக்கு?"

"ஒழுகும்."

"ஒழுகறப்ப பார்க்கலாம்" என்றார் சகலை.

தன் சொந்தச் சொல்லை இன்னொருவர் எடுத்து வீசியதில் மெக்கானிக் கொஞ்சம் ஆடிப்போனார். "சார், நீங்க விலையக் குறைக்கச் சொல்றீங்க. நான் வேலையத்தான் குறைக்க முடியும்."

"குறைங்களேன்."

குறைத்தார். சகலை ஜெயித்த முகத்தோடு வீடு திரும்பினார்.

அதே வாரம் நான் அவர் கடையில் இருந்தேன். ஒருவர் ஷவர் வாங்க வந்திருந்தார். சகலை கல்லாவிலிருந்து எழுந்து, வேதம் ஓதுவதுபோல் ஓதினார்: "சுவரை உடைக்கறப்பவே உள்ள இருக்கற பைப்பையும் மாத்திடுங்க. நாளைக்கு அது ஒழுகினா மறுபடி டைல்ஸை உடைக்கணும். பைப்புக்கு என்ன பெரிய காசு? சுவருக்குத்தான் காசு!" இதை அவர் தினமும் சொல்கிறார். இதைச் சொல்லித்தான் பிழைக்கிறார்.

அடுத்த மழைக்காலம் வருமுன்னே பம்ப் ஒழுகியது. இன்ஜினைக் குளிர வைக்கும் பச்சைத் தண்ணீரான கூலண்ட் பட்டு, புதுப் பெல்ட்டும் ஊறிப்போனது. மறுபடி அதே பக்கத்தைப் பிரித்து, பம்பையும் மாற்றி, பெல்ட்டையும் மாற்றி, கூலியையும் புதிதாகக் கொடுத்தார். மெக்கானிக் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "பார்த்தாச்சு."

"ஏன் சகல, கடையில தினம் அந்தப் பேச்சுப் பேசறீங்க, உங்களுக்கே உறைக்கலையா?" என்று கேட்டேன்.

"அது வியாபாரம் சகல. இது வண்டி."

5.

இங்கே ஒரு குறுக்கீடு. இதுவரை எழுதியதைக் கொழுந்தியா படித்துவிட்டாள்.

"என்ன மாமா, என்னை ஏதோ கெடு வெச்சு வட்டி வசூல் பண்ற ஈட்டிக்காரி மாதிரி எழுதியிருக்கீங்க?"

"கெடு வெச்சியா இல்லையா?"

"வெச்சேன். அதுக்கு முன்னாடி கிளட்ச்சுக்கு, பிரேக்குக்கு, ரெண்டு தடவை டயருக்குன்னு எடுத்துக் குடுத்தது யாரு? அதை எழுத மாட்டீங்களே."

எழுதிவிட்டேன். ஆனால் அதை எழுதியதும் எனக்கு இவள் மீது சந்தேகம் வந்துவிட்டது. வண்டியைப் பிடிக்காதவள் எதற்கு இரண்டு தடவை டயர் வாங்கிக் கொடுத்தாள்? அதுவும் சாதா டயர் இல்லை. எழுத்தாளனுக்குத் தன் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தால் இரண்டு வழி: திருத்தலாம், அல்லது ஒதுங்கி நின்று என்ன செய்கிறாள் என்று பார்க்கலாம். கொழுந்தியாவைத் திருத்த என் மாமனாராலேயே முடியவில்லை. நான் ஒதுங்கி நின்றேன்.

6.

வண்டியை வாங்க ஒரு பல் டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண், நிதானமான கண்கள். சகலை என்னையும் வரச்சொல்லியிருந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, சக்கரத்தை உதைத்து, இன்னொரு வாங்குபவர் மாதிரி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. குடும்பத்தில் இதெல்லாம் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதுதான்.

சகலை விலையைச் சொன்னார். இறங்கி வருவதற்கு நிறையப் படிக்கட்டு வைத்துச் சொன்ன விலை.

"சரிங்க" என்றார் டாக்டர்.

"சரின்னா?"

"எடுத்துக்கறேன்னு அர்த்தம்."

இறங்கக் கால் தூக்கியவருக்கு அடுத்த படியே இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? சகலை அப்படி நின்றார்.

"டாக்டர், நீங்க ஓட்டிக்கூடப் பார்க்கலையே."

"தெருவுல நீங்க ஓட்டறதப் பார்த்திருக்கேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடிச்சிருக்கு."

"பெட்ரோல் குடிக்கும்ங்க. சாதா பெட்ரோல் ஊத்தினா முகத்தைத் திருப்பிக்கும். விலை கூடினதுதான் ஊத்தணும்."

"சரிங்க."

"இந்த அளவு டயர் கேட்ட உடனே கிடைக்காது. சொல்லிவெச்சுக் காத்திருக்கணும். ஒரு குழியில விட்டீங்கன்னா ரிம்மும் சேர்ந்து போயிடும்."

"குழி எனக்குப் பழக்கம்ங்க. தினம் அடைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இன்சூரன்ஸ்காரங்க இந்த மாடல் பேரைக் கேட்டதுமே, ஓட்டறது மகானா இருந்தாலும் பந்தயக்காரன் விலைதான் போடுவாங்க."

"ம்."

"கிளட்ச் பழையபடி வேலை வைக்கும்! கண்ணாடி இறக்குற மோட்டார் ஒண்ணு படுத்துக்கிச்சு! அதுக்கு உதிரிபாகம் கடல் தாண்டித்தான் வரணும்!"

"சரிங்க."

சகலைக்கு வியர்த்துவிட்டது. "அப்ப கொஞ்சம் குறைச்சுத்தான் கேளுங்களேன் டாக்டர்!"

"எவ்வளவு குறைக்கணும்?"

"அத நானா சொல்றது?"

"எனக்குப் பேரம் பேசிப் பழக்கமே இல்லீங்க. என்கிட்டயும் யாரும் பேச மாட்டாங்க. வாயத் திறந்து வெச்சுக்கிட்டு எப்படிப் பேசுவாங்க?"

சகலை தானே இறங்கினார். கண்ணாடி மோட்டாருக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றார் டாக்டர். எங்கள் பரம்பரையில் விற்பவர் விலையைக் குறைத்து, வாங்குபவர் அதை மறுத்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். சகலை நாலாபக்கமும் பார்த்தார். கடைசியில் என் மேல் வந்து விழுந்தார்.

"இவர் முன்னாடியே சொல்லி வெச்சிருக்கார். அதான் யோசிக்கிறேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க வாங்கறீங்களா?"

பழக்கதோஷம். "விலை ஜாஸ்தி" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் யோசிங்க டாக்டர்" என்றார் சகலை.

"யோசிச்சாச்சுங்க."

"இன்னும் நல்லா யோசிங்க."

அவர் போனதும் சகலை வண்டியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு சகல. நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இந்த வண்டியில இருக்கு. இல்லன்னா சொன்ன விலைக்கு யாராவது எடுப்பாங்களா?"

7.

தெருமுனையில் டாக்டரைப் பிடித்தேன். எப்படி இந்த வண்டியைத் தேடி வந்தார் என்று கேட்டேன்.

"உங்க கொழுந்தியாவுக்கு நான்தாங்க பல் பார்க்கறேன். அவங்கதான் சொன்னாங்க. 'அவர் என்ன விலை சொன்னாலும் சரின்னு மட்டும் சொல்லுங்க, பேரம் பேசினா அவருக்குப் பிடிக்காது'ன்னாங்க."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். கயிற்றுக் கடைக்காரர் மகள். இலவசமாகக் கொடுக்கிற பொருளுக்கே 'ரெண்டா தருவீங்களா' என்று கேட்டு வாங்குகிறவள். சொன்ன விலையை அப்படியே தூக்கிக் கொடுத்தால் தன் புருஷன் என்ன செய்வார் என்று அவளுக்கா தெரியாது?

திரும்பி நேரே சகலை வீட்டுச் சமையலறைக்குப் போனேன். "டாக்டர்கிட்ட என்னம்மா சொல்லி அனுப்பின?"

"சீக்கிரம் முடியட்டுமேன்னுதான் மாமா." டம்ளரைத் துடைத்தாள். "ஏன், முடியலையா?"

இந்த இடத்தில் 'சிரித்தாள்' என்று எழுதி அடித்தேன். 'சிரிக்கவில்லை' என்று எழுதி அதையும் அடித்தேன். டம்ளரைத் துடைத்தாள் என்பது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவள் பக்கத்து நியாயம் இரண்டாகவும் நிற்கிறது. மாடிக்கு ஏறிப்போய் டேப் வைத்து அளந்து, எந்தத் தொட்டி எந்த ஜன்னல் பக்கம் என்று முடிவே செய்துவிட்டாள். அது நிஜம். வண்டியில் இடதுபக்கக் கதவுப் பையில் அவளுடைய கறுப்புக் கண்ணாடி இருக்கிறது, விற்கப்போகிற வண்டியிலிருந்து அதை அவள் எடுக்கவில்லை. அதுவும் நிஜம். நெடுஞ்சாலையில் சகலை லாரிக்குப் பின்னால் பவ்யமாகப் போனால், "இதுக்கா இவ்வளவு பெட்ரோல் ஊத்தறோம்? தாண்டுங்க!" என்று அவள் சொன்னதை நான் பின்சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

8.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) வண்டி போகிறது. மாடியில் குளியல் தொட்டிகள் வெளிச்சத்தில் மினுங்குகின்றன. தெருவில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் புருஷன், பெண்டாட்டி இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, ஒருவரை ஒருவர் பார்க்காமல்— (அழுகை வரும். அழ வைத்து விற்பது எனக்குப் பிடிக்காது.)

ஆ) வண்டி நிற்கிறது. மாடியில் வேறு யாரோ பாய் விற்கிறார்கள்.

இ) இதைத்தான் நான் எழுத உத்தேசித்தேன். கட்டடச் சொந்தக்காரரிடம் கொழுந்தியா பேசி மாடியில் பாதியை மட்டும் பாதி முன்பணத்துக்கு எடுக்கிறாள். வண்டியும் வாசலில் நிற்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சகலை வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டாக்டர் எனக்கு எதிரே, பணப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. விற்கிற வண்டியைக் காலி டேங்க்கோடு கொடுக்கக்கூடாது என்று பெட்ரோல் போடப் போனார்கள், இருவரும். பெட்ரோல் பங்க் அடுத்த தெருவில்தான் இருக்கிறது. போய் ரொம்ப நேரமாகிறது.

"எப்ப வருவாங்க?" என்றார் டாக்டர்.

"பார்க்கலாம்" என்றேன்.

சும்மா இருக்க வேண்டாமே என்று மூன்றாவது முடிவை அவரிடம் சொன்னேன். எப்படி என்று கேட்டேன். அவர் எதிர்க்கட்டும், 'சரி, உங்களுக்கு வண்டி, அவர்களுக்கு மாடி' என்று இறங்கி வருவதற்கு நான் படிக்கட்டு வைத்திருந்தேன்.

"சரிங்க" என்றார் டாக்டர்.

அவ்வளவுதான். சகலையின் வேதனை எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் முடிவை மறுபடி படித்துப் பார்க்கிறேன். இவ்வளவு சுலபமாகப் போகிறது என்றால், இதில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். டாக்டருக்கு இந்த முடிவைக் கொடுப்பதாக இல்லை. வாசகர் நீங்கள் முன்னாடியே சொல்லி வைத்திருப்பதாக அவரிடம் சொல்லிவிட்டேன்.

தூரத்தில் அந்தச் சத்தம் கேட்கிறது. பங்க் இருக்கும் பக்கத்திலிருந்து இல்லை, நெடுஞ்சாலைப் பக்கத்திலிருந்து. அவர்கள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் நாம் பேசி முடிக்கலாம். நான் சொன்னது முதல் விலைதான். வண்டி வேண்டுமா, மாடி வேண்டுமா, குறைத்தோ கூட்டியோ வாய் விட்டுக் கேளுங்கள், நான் கோபித்துக்கொண்டு எழுந்து போவேன், கையைப் பிடித்து உட்கார வையுங்கள். 'சரி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.