நிறுத்துகிற ஆள்

மேஸ்திரி எல்லார் முன்னாலும் என் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டார்.

"குரல் போனா போகுதுண்ணே. ஒரு ஊது ஊதுங்க, வின்ச் நின்னுடும். பழைய வேலை உங்களுக்குத்தான்."

ஆட்கள் கைதட்டினார்கள். நான் கழுத்துத் துணிக்கு அடியில் இருக்கும் ஓட்டை வழியாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன். குரல்வளையை எடுத்த பிறகு காற்றுக்கு அதுதான் வாசல், வாய்க்கு வராது. சூடான டீயைக்கூட என்னால் ஊத முடியாது. மனைவிதான் ஆற்றித் தருகிறாள். கலவைச் சட்டியோடு நின்ற அவள் விசிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு தண்ணீர் டிரம் பக்கம் வந்து, "ஊத முடியாதுன்னு சொல்லிடாதீங்க. வீட்டுக்குப் போன்னுடுவாரு" என்றாள்.

பேசும் கருவியைத் தாடைக்கடியில் அழுத்தி, "அவசரம்னா?" என்றேன். வண்டு பேசுவதுபோல் வந்தது.

"அது எப்பவோ ஒருக்கா. வாயத் தொறக்காம இருக்க உங்களுக்கு இப்ப சொல்லியா தரணும்?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். சத்தம் வரவில்லை.

கலவை பக்கெட்டைக் கயிற்றில் மேல் மாடிக்கு இழுப்பது வின்ச். ஏற்றச் சொல்ல மேலே மணி உண்டு. வின்ச்காரர் சுவருக்குப் பின்னால் இருக்கிறார், பக்கெட் அவர் கண்ணில் படாது. ஏதாவது ஆனால் நிறுத்தச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். முன்பு என் ஒரு கத்தலுக்குத் தெருவே திரும்பும். ஆஸ்பத்திரியில் குரல் பயிற்சி தரும் அம்மா, கதவைச் சாத்திய அறையில், "நல்லா வருதுங்கய்யா" என்றார். இங்கே கலவை மிக்சர் ஓட ஆரம்பித்துவிட்டது. கருவியின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. காலையிலிருந்து ஒவ்வொரு பக்கெட்டும் மேலே போய்ச் சேரும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மதியம் பக்கெட்டின் விளிம்பு சாரப்பலகையில் மாட்டியது. வின்ச் இழுத்துக்கொண்டே இருந்தது. பக்கெட் சாய்ந்தது, பலகை வளைந்தது. அதற்கு நேர் கீழே ஒருத்தி முதுகைக் காட்டிக் குனிந்து, சிந்திய கலவையை அள்ளிக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சைத் தலைத்துண்டை நான்தான் காலையில் கொடியிலிருந்து எடுத்துக்கொடுத்தேன்.

விசிலை வாயில் வைத்து ஊதினேன். பழக்கம். கன்னம் உப்பியது, அவ்வளவுதான். காற்றெல்லாம் கழுத்துத் துணியைப் படபடக்க வைத்துவிட்டுப் போனது.

துணியைப் பிய்த்தேன். விசிலைக் கழுத்து ஓட்டையில் வைத்து, சுற்றிலும் விரலால் அடைத்து, நெஞ்சில் இருந்ததையெல்லாம் தள்ளினேன்.

கூவியது.

வின்ச் நின்றது. யாரோ மிக்சரையும் அணைத்தார்கள். எல்லாரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். கையை எடுக்கப் பார்த்தேன், விரல்கள் விறைத்துப்போயிருந்தன. மூச்சு விட விட விசில் தானாகக் கூவியது. மேலே வளைந்த பலகை முனகியது. சாய்ந்த பக்கெட்டிலிருந்து கலவை ஒவ்வொரு சொட்டாக விழ, அதற்குக் கீழேயே நின்றுகொண்டு, நகராமல், அவள் என்னையே பார்த்தாள்.

தள்ளிப் போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். விசில் கூவியது.