ஒரு மடிப்பு அதிகம்

புதுப்பட்டினம் பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் மஸ்தான் பாயைக் கெட்டவர் என்று ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிவாசல் ஜமாத்துக்குச் செயலாளர். மைக் செட் ரிப்பேர் ஆனாலும் அவர்தான், யார் வீட்டிலாவது சாவு விழுந்தாலும் அவர்தான், இரண்டு பேர் பொதுச்சுவருக்காக அடித்துக்கொண்டாலும் நடுவில் போய் நிற்பவர் அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு தரம் ஒரு துண்டுக் காகிதத்தை மற்றக் காகிதங்களைவிட ஒரு மடிப்பு அதிகமாக மடித்தார். இதையெல்லாமா ஒரு குற்றம் என்று சொல்வது என்று கேட்கத் தோன்றும். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

டிசம்பர் புயலில் கால்வாய் ஓரத்து ஷெட்டுகள் மூழ்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அங்கே ரோஹிங்கியா அகதிகள் இருந்தார்கள். ஊரார் வாயில் அவர்கள் 'பர்மாக்காரங்க'. சொந்த நாட்டில் அவர்கள் வீட்டைக் கொளுத்தி விரட்டிவிட்டார்கள். இங்கே பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வருஷத்தில் அவர்களுக்கு இது நாலாவது இடம், இந்தப் பக்கத்துத் தமிழும் வாயில் வந்துவிட்டது. மொத்தம் ஆறு குடும்பம், அப்புறம் சோனா மியா என்ற ஒண்டியாள். வயது ஐம்பதுதான், பார்த்தால் எழுபது சொல்லலாம். மனைவியும் மூன்று பிள்ளைகளும் வரும் வழியிலேயே இறந்துபோனார்கள். எந்நேரமும் இருமல். இடுப்பளவு தண்ணீரிலிருந்து எல்லாரையும் கூட்டிவந்து மதரஸா ஹாலில் தங்கவைத்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஓத இடமில்லை, கக்கூஸ் இரண்டே இரண்டு. பத்து நாளில் ஊரில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன், தொழவைக்கும் ஹஜ்ரத் முஹாஜிர்களைப் பற்றிப் பேசினார். மக்காவில் வாழவிடாமல் துரத்தப்பட்டு, உடுத்திய துணியோடு மதீனாவுக்குப் போனவர்கள் அவர்கள். உள்ளூர்க்காரர்களான அன்சாரிகள் எனக்கு எனக்கு என்று போட்டி போட்டதில், யார் வீட்டுக்கு யார் என்று சீட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ண வேண்டியிருந்தது. உம்முல் அலா என்ற அம்மையாரின் குடும்பத்துக்கு உஸ்மான் பின் மழ்ஊன் என்பவர் பெயர் விழுந்தது. அவர் நோயில் விழுந்தார். தங்கள் சீட்டில் வந்தவர் என்று கடைசி மூச்சுவரை அந்த வீட்டார்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். ஹஜ்ரத் இதைச் சொல்லும்போது மஸ்தான் பாய் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அழுகை வேஷமில்லை. அவருக்குச் சட்டென்று கண் கலங்கிவிடும்.

தொழுகை முடிந்ததும் அவரே எழுந்து, நாமும் அப்படியே சீட்டுப் போடுவோம், முதல் வீடு என்னுடையது என்றார். பள்ளிவாசல் முழுக்க ஒரு சிலிர்ப்பு. அங்கேயே இன்னும் ஆறு பேர் கை தூக்கினார்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு குலுக்கல் என்று முடிவானது.

ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்து அவர்தான் சீட்டு எழுதினார். ஆறு சீட்டு எழுதியாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஹாலில் சோனா மியா இருமத் தொடங்கினார். அந்த இருமல் லேசில் நிற்கவில்லை. டி.பி.யாகத்தான் இருக்கும் என்று பஜாரில் பேச்சு. மஸ்தான் பாயின் மகள் தில்ஷாத் பிரசவத்துக்கு வந்திருந்தாள், எட்டாம் மாதம். ஏழாவது சீட்டில் சோனா மியா பெயரை எழுதினார். மற்றதெல்லாம் இரண்டு மடிப்பு. இதை மூன்று மடிப்பாக மடித்தார். வேண்டுமென்று செய்யவில்லை, கை தன்னால் செய்துவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே பல தடவை சொல்லிப்பார்த்தார். அந்தக் கை வேறு யாருடையதாம்?

நோன்புக் கஞ்சி மொள்ளும் எவர்சில்வர் தூக்கில் சீட்டுகளைப் போட்டார்கள். செயலாளர் என்ற மரியாதைக்கு அவரையே முதலில் எடுக்கச் சொன்னார்கள். கையை உள்ளே விட்டார். தடித்த சீட்டு விரலில் பட்டது. தள்ளினார். மறுபடியும் அதுவே வந்து பட்டது. இந்தத் தடவையும் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தார். இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்த இளம் ஜோடியின் பெயர் வந்தது. கைகொடுத்தவர்களிடம் அவர் சிரிக்கவும் செய்தார்.

கை தூக்கிய ஆறு பேரில் டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் சந்தடியில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்துக்கு யார் என்று எல்லாரும் முகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து காதர் உசேன் எழுந்தான். விடிகாலையில் சைக்கிளில் இடியாப்பம் விற்பவன். அணுமின் நிலையக் குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு அவன் இடியாப்பம்தான். அவனும் மனைவி ரமீஜாவும் இருந்தது ஒரே அறை. கடைசியாகச் சேர்ந்தவன் என்பதால் கடைசியாக எடுத்தான். தூக்கில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சீட்டு.

மஸ்தான் பாய் வீட்டு மாடியில் புது விருந்தாளிகளுக்கு ஏ.சி. அறை. சமையலறையில் அவர் மனைவி ஷம்ஷாத்தின் காலைச் சுற்றி அந்தக் குழந்தைகள் ஓடின. ஊர் மெச்சியது. கல்பாக்கத்திலிருந்து யாரோ வந்து போட்டோகூட எடுத்துப் போனார்கள். ரமீஜா வீட்டில் ஒரு புடவையைக் கொடியில் தொங்கவிட்டு அறையை இரண்டாக்கினார்கள். ஜன்னல் இருந்த பாதி சோனா மியாவுக்கு. இடியாப்ப அடுப்பின் புகை அவருக்கு ஆகாது என்று ரமீஜா அடுப்பைத் தூக்கி வாசலில் வைத்துக்கொண்டாள். மழை தூறினால் குடைபிடித்தபடி பிழிந்தாள்.

மஸ்தான் பாய் இரண்டு முறை அங்கே போனார். அரிசி மூட்டையும் கம்பளியும் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பினார். உள்ளே வாங்க பாய் என்று ரமீஜா கூப்பிட்டதற்கு, கடையில் ஆள் இல்லை என்றார். இருமல் கேட்டது. அல்லா பார்த்துதான் இந்தப் புண்ணியத்தை இவர்களுக்குக் கொடுத்திருக்கிறான் என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டார். வசதியான நினைப்பு.

பஜார்ப் பேச்சு எட்டாத காதருக்கும் ரமீஜாவுக்கும் அது நெஞ்சுச்சளி என்றுதான் தெரியும். தூதுவளை வதக்கிக் கொடுத்தார்கள், மெடிக்கலில் கேட்டு சிரப் வாங்கிக் கொடுத்தார்கள். இருபத்திரண்டாம் நாள் காலையில் சோனா மியாவின் கால் இரண்டும் தூண்போல வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார்ந்தே திணறினார். தெருமுனை ஆட்டோ திருவேங்கடம், இவரை ஆட்டோவில் செங்கல்பட்டு வரைக்கும் குலுக்கிக் கொண்டுபோக முடியாது, கார் கேளுங்கள் என்றார். ஊரில் கேட்கக்கூடிய கார் ஒன்றுதான்.

மஸ்தான் பாய் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அவரே ஓட்டினார். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பின்சீட்டில் அந்த மூச்சு இழுத்த சத்தம் அவர் பிடரிக்குப் பின்னாலேயே இருந்தது. ரமீஜா, இதோ வந்துட்டோம் நைனா, இதோ வந்துட்டோம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பிரபாவதி படம் எடுத்துப் பார்த்தார். டி.பி. இல்லை என்றார். இதயம் சோர்ந்துபோய் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, அதனால்தான் இருமல். யாருக்கும் தொற்றுகிற நோய் இல்லை. மூன்று வாரம் முன்னால் கூட்டி வந்திருந்தால் மாத்திரையிலேயே எழுந்து நடமாடியிருப்பார் என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. இருந்தாலும் மஸ்தான் பாய் நாளை எண்ணிப் பார்த்தார். தில்ஷாத்தை இந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை இதே ஆஸ்பத்திரி வழியாகத்தானே காரில் செக்கப்புக்குக் கூட்டிப்போனார். அவர் மாடியில் இந்த மனிதர் இருந்திருந்தால், முதல் வாரமே வண்டியில் ஏற்றியிருப்பார். பயத்தினாலாவது ஏற்றியிருப்பார்.

அன்று சாயங்காலம் ரமீஜா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். சோனா மியா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆக்சிஜன் வைத்தபிறகு கொஞ்சம் பேச முடிந்தது. மஸ்தான் பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தார்.

"தெரியும் பாய்," என்றார் சோனா மியா.

"இன்னா தெரியும்?"

"சீட்டு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அரிசிக்கு சீட்டு, தார்ப்பாய்க்கு சீட்டு, படகுல எடத்துக்கு சீட்டு. எத்தினி பாத்துட்டேன். கை எத்த தொடுது, எத்த வுடுதுன்னு எனுக்குத் தெரியும். நீங்க ரெண்டு தபா தொட்டீங்க."

 அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று மஸ்தான் பாய் கேட்டார்.

"சொன்னா சண்ட வரும். ஆறு குடும்பத்துக்கு வூடு கெடைக்குது. நான் எதுக்குக் கெடுக்கணும்?" மறுபடி மூச்சு. "எனுக்கும் நல்ல வூடுதான். ரமீஜா என்னிய நைனான்னு கூப்புடுது. எம் பொண்ணு இருந்தா அது வயசு இருக்கும்."

மஸ்தான் பாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வீங்கிச் சில்லிட்டிருந்தது. "என்னிய மன்னிச்சுடு," என்றார். சோனா மியா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. தூங்கிவிட்டாரா, கேட்கவில்லையா, கேட்டும் சொல்லாமல் விட்டாரா? நர்ஸ் வந்து முகமூடியைச் சரிசெய்து, பேச்சுக் கொடுக்காதீர்கள் என்றாள். ரமீஜா கஞ்சியோடு வந்துவிட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு, அவள் ஒரு கரண்டி ஊட்டிவிட்டு இன்னொன்று எடுப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அஸருக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் இறுதித் தொழுகையான ஜனாஸா. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. தொழவைப்பதற்கு முன்னால் இறந்தவரின் உறவுக்காரர் ஒருவர் எழுந்து, இவர் யார் மனமாவது நோகும்படி நடந்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்பார். கூட்டம் மன்னித்துவிட்டோம் என்று சொல்லும். சோனா மியாவுக்கு உறவு என்று யார்? காதர் எழப்போனான். பெரியவர்கள் விடவில்லை. சொந்தக் காரில் தூக்கிக்கொண்டு ஓடினவர், இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்தவர், செயலாளர் சொல்வதுதான் முறை என்றார்கள். பாய்க்கு அல்லா சொர்க்கத்தில் இடம் எழுதிவிட்டான் என்றுகூட ஒருவர் சொன்னார். மஸ்தான் பாய் காதில் அது விழுந்தது.

அவர் முன்னால் வந்து நின்றார். வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். கூட்டமும் வழக்கம்போல, மன்னித்துவிட்டோம் என்றது. அவர் நகரவில்லை. ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். அப்போதும் நகரவில்லை.

"இவுரு சீட்டு என் கைக்குத்தான் வந்துச்சு," என்றார் மஸ்தான் பாய். "ரெண்டு தபா வந்துச்சு. அடையாளத்துக்கு ஒரு மடிப்பு கூட மடிச்சு வெச்சிருந்தேன். எம் பொண்ணுக்கு ஒட்டிக்கப் போவுதுன்னு தள்ளிவுட்டேன். காதர் எடுத்தது என் சீட்டு."

 யாராவது திட்டினால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. மன்னித்துவிட்டோம் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. அதைச் சொல்லவேண்டிய ஆள் எதிரே வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். காதர் உசேன் வரிசையை விட்டு வெளியே வந்தான். அழுது அழுது முகம் உப்பியிருந்தது.

"உங்க வூட்டுக்கு வந்திருந்தா பொழச்சிருப்பாரு, பாய்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. பிறகு அவர் முழங்கையைப் பிடித்தான். "வந்து நில்லுங்க. மய்யித்து காத்துகினு கீது."

முதல் வரிசையில் தன் பக்கத்திலேயே அவரை நிறுத்திக்கொண்டான். தோளோடு தோள் இடித்தது. ஹஜ்ரத் அல்லாஹு அக்பர் என்று முதல் தக்பீர் கட்டினார்.

ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றியைத் தரையில் வைப்பதும் இல்லை. நின்றபடியே நாலு தக்பீரில் முடிந்துவிடும். மூன்றாவது தக்பீருக்குப் பிறகு ஓதுகிற துஆவை மஸ்தான் பாய் நாற்பது வருஷமாக, எத்தனையோ பேருக்காக ஓதியிருக்கிறார். இறந்தவருக்காகக் கேட்பது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அதன் வார்த்தை வரிசை அன்றைக்குத்தான் அவர் மண்டையில் ஏறியது. இறைவா, எங்களில் உயிரோடிருப்பவரை மன்னித்தருள்வாயாக என்றுதான் அது தொடங்குகிறது. இறந்தவர் அதற்கு அடுத்துத்தான் வருகிறார். உயிரோடிருப்பவர் என்ற இடத்திலேயே அவர் உதடு நின்றுபோனது. அதைத் தாண்டி சோனா மியாவிடம் போய்ச் சேர எவ்வளவோ முயன்றார், முடியவில்லை. பக்கத்தில் காதர் முழுவதையும் ஓதி முடித்துவிட்டான். நாலாவது தக்பீர் வந்துவிட்டது.