நடக்காத கலியாணத்துக்கு ஒரு சான்றிதழ்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் சரோஜினிதேவி அக்கா, மதிய இடைவேளையில் யோகர்ட் கிண்ணத்தை வழித்துக்கொண்டே சொன்ன கதை.

"நீர் கதை எழுதிறனீர்தானே, இதை எழுதும். ஆனா எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டோணும்."

பெயர்களை மாற்றிவிட்டேன். மாற்றுப் பெயரையும் அவரே தேர்ந்தெடுத்தார். சரோஜினிதேவி என்பது அவர் பள்ளிக்கூடத்தில் பொறாமைப்பட்ட ஒருத்தியின் பெயராம்.

என் முதல் தொடக்கம் இது:

"மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மார்ச் மாதக் காலையில், ஐம்பத்து நான்கு வயது மணப்பெண் ஒருத்தி பதிவு அலுவலகத்தின் படிகளில்..."

"மழை பெய்யேல்லை," என்றார் அக்கா. "நல்ல வெய்யில். நான் கூலிங்கிளாஸ் போட்டிருந்தனான்."

சரி, வெயில்.

2

வெயில் அடித்த அந்தக் காலையில் அக்காவும் ஜெகதீஸ்வரனும் திருமணப் பதிவுக்குத் தெர்மின் எடுத்து, முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, போயிருந்தார்கள். பத்தேகாலுக்கு. ஜெகதீஸ்வரன் மனைவியை இழந்தவர், சூரிச்சில் ட்ராம்கள் இரவு வந்து நிற்கும் கொட்டகையில் துப்புரவு வேலை. இருவரும் கோயில் அன்னதானத்தில் சமையல் கிடாரம் கழுவும்போது பழக்கமானவர்கள். அக்கா அதுவரை கலியாணம் கட்டியதே இல்லை. அப்படித்தான் ஜெகதீஸ்வரனிடம் சொல்லியிருந்தார்.

அலுவலர் ஓர் இளம் பெண். இருவருடைய கடவுச்சீட்டுகளையும் வாங்கினார், கணினியில் ஏதோ தட்டினார், பிறகு இன்னொரு முறை தட்டினார்.

"நீங்கள் ஏற்கெனவே திருமணமானவர் என்று இங்கே இருக்கிறது," என்றார் அக்காவைப் பார்த்து. "திருமணமானவர், பிரிந்து வாழ்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றிலிருந்து."

ஜெகதீஸ்வரனுக்கு டொச்சு, அதாவது ஜெர்மன் மொழி, நன்றாக விளங்கும். அப்போது அவருடைய மனதில்

[இந்த வாக்கியத்தை ஆறு தரம் எழுதி ஆறு தரமும் இங்கேயே விட்டுவிட்டேன். அவர் மனதில் என்ன ஓடியது என்று பக்கத்தில் இருந்த அக்காவுக்கே தெரியாது.]

தெரிந்தது இவ்வளவுதான். அவர் எழுந்து மூலையில் இருந்த தண்ணீர்ப் போத்தலடிக்குப் போய் ஒரு கடதாசிக் கோப்பையில் தண்ணீர் குடித்தார். இன்னொரு கோப்பையில் நிரப்பிக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் வைத்தார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆள் ஆர்?"

"மூத்ததம்பி எண்டு பேர். வேறை ஒண்டும் தெரியாது."

"கலியாணம் கட்டின ஆளைப் பற்றி ஒண்டும் தெரியாதோ?"

"கட்டேல்லை. எழுதினது மட்டும்தான்."

3

எழுதிய கதை இது. 1991இல் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டபோது அக்காவுக்கு வயது இருபத்தொன்று. தனியாக ஒரு பெண்ணைக் கூட்டிவந்தால் எல்லைகளில் கேள்வி வரும் என்று சுவிஸுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் ஏஜென்ட் அவரை வடமராட்சியைச் சேர்ந்த ஒரு இளைஞனுக்கு மனைவியாக்கினான். பதினொரு நாள் பயணம். பிடிபட்டால் இரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும், ஒருவர் மாற்றிச் சொன்னாலும் இருவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்ட் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். சுவிஸ் எல்லையில் இருந்த அகதி முகாமில் பதிந்தபோதும் அதையே சொன்னார்கள்.

என் மூன்றாவது வரைவில் இந்த இடத்தில் ஒரு ரயில் வந்தது. பனி மூடிய ஜன்னல், எதிரெதிர் இருக்கைகள், பேசாத இரண்டு பேர், அவர்களுக்கு நடுவே சொல்லப்படாமல் ஏதோ ஒன்று. நல்ல பந்தி என்று நினைத்தேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு அந்தப் பயணம் முழுக்க வாந்தி," என்றார் அக்கா. "அந்தாளின்ரை முகத்தையே நான் வடிவாப் பாக்கேல்லை. அவர் பாவம், பையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர்."

"எந்தப் பை?"

"வாந்தி எடுக்கிற பை."

[ரயிலை எடுத்துவிட்டேன். பையை விட்டிருக்கிறேன்.]

முகாமில் மூன்றாம் நாள் அக்கா அழத் தொடங்கி நிறுத்தவில்லை. கணவன் மனைவி என்று ஒரே அறை கொடுத்திருந்தார்கள். மூத்ததம்பி இரண்டு இரவும் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் படுத்திருந்தார். அக்காவின் சின்னம்மா ஊஸ்டரில் இருக்கிறார் என்று தெரிந்ததும், அவரே அதிகாரியிடம் போய், எங்களுக்குள் ஒத்துவரவில்லை, மனைவியை அவளுடைய சொந்தக்காரரிடம் அனுப்பிவிடுங்கள் என்று சொன்னார். அனுப்பினார்கள். அவரைச் சுவிஸின் பிரெஞ்சு பேசும் பக்கத்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒருவரையொருவர் காணவில்லை.

முப்பத்து மூன்று வருடமாக அக்கா எல்லாப் படிவத்திலும் "கெட்ரென்ட்" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவந்தார். பிரிந்து வாழ்பவர். சுவிஸ் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. கேட்டால் பழைய கோப்பைத் திறப்பார்கள் என்று பயம். அந்தச் சொல் அப்படியே நைந்து அழிந்துபோகும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

4

இங்கே ஒரு சின்னக் கட்டுரை. அவசரமானவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

நடந்த கலியாணத்தை நிரூபிக்கப் பத்திரம் உண்டு. பணம் கட்டினால் முத்திரை குத்திய பிரதி தருவார்கள். நடக்காத கலியாணத்தை எப்படி நிரூபிப்பது? அக்காவின் தம்பி மட்டக்களப்பில் மூன்று தரம் அலைந்து ஒரு கடிதம் எடுத்து அனுப்பினார். இந்தப் பெயர்களில் தேடிப் பார்த்தோம், அப்படியொரு பதிவு காணப்படவில்லை என்று அதில் இருந்தது. சுவிஸ் அலுவலர் அதைக் கவனமாக வாசித்துவிட்டு, காணப்படவில்லை என்பதும் நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல என்றார். யுத்தகாலத்துப் பதிவுப் புத்தகம் தொலைந்திருக்கலாம் அல்லவா.

கதை எழுதுகிறவள் என்ற முறையில் அவர் கேட்டதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அக்கா அன்று இரண்டு பேரைக் குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தார். அவருக்கு மரியாதை வரவில்லை.

"அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்," என்றார் அலுவலர். "இரண்டு பேரும் என் முன்னால் சொல்லுங்கள். முகவரியை மட்டும் என்னால் தர முடியாது."

5

முகவரி முருங்கைக்காயால் கிடைத்தது. சூரிச்சின் லாங்ஸ்ட்ராஸ வீதியில் ஜெகதீஸ்வரன் சாமான் வாங்கும் தமிழ்க்கடைக்காரர், கிழமைக்கு ஒருமுறை வான் எடுத்துக்கொண்டு மற்ற ஊர்களுக்கும் மரக்கறி கொண்டுபோகிறவர். பெயரைச் சொன்னதுமே, "லா ஷோ-து-ஃபோன் மூத்ததம்பி அண்ணையோ? மணிக்கூட்டுத் தொழிற்சாலையிலை பொலிஷ் பண்ணிறவர். முருங்கைக்காய் இல்லாட்டி என்னோடை கதைக்கமாட்டார்" என்றாராம்.

ஜெகதீஸ்வரன் போன் எடுத்தார். விஷயத்தைச் சொன்னார். மறுபக்கத்திலிருந்து "வாங்கோ" என்ற ஒரு சொல்.

லா ஷோ-து-ஃபோன் பிரெஞ்சு பேசும் ஊர். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆகவே இந்தப் பகுதியில் வருவதை நான் கண்ணால் கண்டேன். இங்கே என்னை நீங்கள் கூடுதலாக நம்பலாம்.

நாலாம் மாடி. கதவைத் திறந்தது ஒரு போர்த்துக்கீசப் பெண். பெயர் பெர்னாண்டா. கையில் கரண்டி. அக்காவைத் தலையிலிருந்து சப்பாத்து வரை பார்த்துவிட்டு, பிரெஞ்சில் கேட்டார்: "நீங்கள்தான் அந்த மனைவியா?"

நான் மொழிபெயர்த்தேன்.

"இல்லை எண்டு சொல்லும்," என்றார் அக்கா. "அதைச் சொல்லத்தான் வந்தனாங்கள் எண்டு சொல்லும்."

பெர்னாண்டா வழியை விட்டார். உள்ளே மூத்ததம்பி நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது, பொலிஷ் வேலையால் விரல் நுனிகள் வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. சுவரில் வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகளின் படங்கள். அவரும் பெர்னாண்டாவும் இருபத்திரண்டு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள், பதியவில்லை.

"நான் இவவுக்கு உண்மையைச் சொன்னனான்," என்றார் மூத்ததம்பி எங்களிடம். "இவ நம்பேல்லை. டொச்சுப் பக்கத்திலை மனுசி இருக்கு, விட மனமில்லை எண்டு நினைச்சா."

"அண்ணை, நீங்கள் போய்ச் சொல்லியிருக்கலாமே," என்றார் அக்கா.

"நான் வாயைத் திறந்தா உம்மைத் திருப்பி அனுப்புவாங்கள் எண்டு பயம்." கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் பயம்தான். உமக்காக மட்டும் எண்டு சொன்னாப் பொய்" என்றார்.

சூப் கொதிக்கும் சத்தம் கேட்டது. அப்போது ஜெகதீஸ்வரன் தொண்டையைச் செருமினார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட மனுசியைக் கேட்டு வந்திருக்கிறன்."

மூத்ததம்பி அவரைப் பார்த்தார். பிறகு தோள்கள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டார். பெர்னாண்டா கரண்டியால் என் முழங்கையைத் தட்டி, என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு எல்லோருக்கும் சூப் ஊற்றினார்.

6

பதிவு அலுவலகத்தின் அறைக்குள் நான் போகவில்லை. அலுவலகமே வேறொரு மொழிபெயர்ப்பாளரை அழைத்திருந்தது. இது அக்கா சொன்னது.

பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று அலுவலர் முதலில் வாசித்தார். அக்காதான் கேட்டார்: அன்றைக்குச் சொன்னதுதானே பொய், இப்போது உண்மையைச் சொன்னால் அதற்கு எங்களை அனுப்பிவிடுவீர்களா?

அலுவலர் பேனையைக் கீழே வைத்தார். அந்தக் கோப்பு எப்போதோ மூடிய கோப்பு, அதைத் திறப்பது என் வேலையுமல்ல, கலியாணம் நடந்ததா இல்லையா என்பதுதான் எனக்கு வேண்டும் என்றார்.

முப்பத்து மூன்று வருடப் பயம் அரை நிமிடத்தில் தீர்ந்துபோவதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'அக்காவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்' என்று தொடங்கி [வேண்டாம்]. அக்காவிடமே கேட்டேன்.

"எனக்குக் கொட்டாவி வந்தது," என்றார். "வெக்கமாப் போச்சு. அலுவலர் கதைக்கக் கதைக்கக் கொட்டாவி."

அதற்குப் பிறகு நடந்ததை நான் இட்டுக்கட்டியதாக நீங்கள் நினைப்பீர்கள். கையெழுத்துப் போடும்போது மூத்ததம்பியின் கண்ணாடி கீழே விழ, அக்கா, "அண்ணை, கவனம்" என்றார். என்ன சொன்னார் என்று அலுவலர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார்.

"மூத்த சகோதரனே, கவனம்."

"இவரைச் சகோதரன் என்றா கூப்பிடுகிறார்?"

"எப்பவும்," என்றார் அக்கா டொச்சில்.

அலுவலர் அதையும் எழுதிக்கொண்டார். அதற்காகத்தான் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நான் அதைச் சொல்லப்போவதில்லை.

7

மேலிடத்திலிருந்து பதில் வர ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், ஆனது. அந்த ஏழு கிழமையில் நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் விண்ணப்பம் மறுக்கப்பட்டு, எல்லோரும் பனியில் நடந்து போகிறார்கள். இன்னொன்றில் இரண்டு சோடிகளுக்கும் ஒரே மண்டபத்தில் கலியாணம், நாதஸ்வரமும் போர்த்துக்கீசப் பாட்டும். அக்கா முதலாவதைக் கேட்டு, "வாயைக் கழுவும்" என்றார். இரண்டாவதைக் கேட்டு, மண்டபத்துக்கு ஆர் காசு குடுக்கிறது என்றார்.

நடந்தது இப்படி. கடிதம் வந்த அன்று அக்கா அதை வேலையிடத்துக்குக் கொண்டுவந்து, உடுப்பு அறையில், அழுக்குத் துணி வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து உடைத்தார். திருத்திய பதிவு. பெயர், பிறந்த தேதி, அதற்குக் கீழே "லேடிக்". மணமாகாதவர்.

அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"சரியான களைப்பு, தங்கச்சி," என்றார். "தெரியாத ஒரு ஆளைப் பிரிஞ்சு வாழ்ந்து வாழ்ந்து."

ஜெகதீஸ்வரனுக்குப் போனில் சொன்னார். அங்கே ட்ராம் மணி கேட்டது. அவர், "சரி, அப்ப தெர்மின் எடுப்பம்" என்றாராம். ஜூன் மாதம் பதிந்தார்கள். அன்றைய நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். எழுதவில்லை.

இப்போது மிச்சமிருப்பது லா ஷோ-து-ஃபோன். மூத்ததம்பிக்கும் அதே கடிதம் கிடைத்தது. அவர் அதைக் குசினி மேசையில் விரித்து வைத்து, அன்றைக்கே பெர்னாண்டாவிடம் கேட்டார். இருபத்திரண்டு வருடமாகக் கேட்க முடியாமல் இருந்த கேள்வி. பெர்னாண்டா கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

இரண்டு மாதம் கழித்து மூத்ததம்பி அக்காவுக்குப் போன் எடுத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன அண்ணை, என்ன சொல்லுறா?"

"சந்தோசமாத்தான் இருக்கிறா. பாட்டெல்லாம் பாடுறா. கேட்டா, இவ்வளவு காலமும் கட்டேலாத ஆளோடை இருந்தனானாம், இனிக் கொஞ்சநாள் கட்டக்கூடிய ஆளோடை இருந்து பாக்கப் போறாவாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் என்னத்தைச் சொல்ல. நல்லாத்தான் இருக்கு. இப்ப வேலைக்குப் போகேக்கை சேட்டுக்கு அயன் போட்டுக்கொண்டு போறன்."

எனக்கு இதற்கு மேல் தெரியாது. பெர்னாண்டா ஓம் என்பாரா, இல்லை இப்படியே பாடிக்கொண்டு இருப்பாரா என்று அக்காவிடம் கேட்டேன். "அது அவவின்ரை விசயம், உம்மடை பேனையை அங்கை நீட்டாதேயும்" என்றார். நீட்டவில்லை. பெர்னாண்டாவின் பதிலுக்காகக் கீழே ஒரு வரியை வெறுமையாக விடுகிறேன். நிரப்புகிறவர்கள் பென்சிலால் நிரப்புங்கள், அவர் மனம் மாறக்கூடும்.

.......................................................