இன்னொரு தடவை நட

"கல்யாணத்துக்கு முன்னாடியே அவளுக்குக் கால் சரியில்ல, லாயர் சார்."

மாமியார் தனலெட்சுமி இதைச் சொன்னபோது துளசி தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தாள். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள்.

தடுப்பூசி போட்ட பிறகுதான் துளசியின் கால்கள் மரத்துப்போயின. எப்போதோ யாருக்கோ வருகிற பக்கவிளைவு, இவளுக்கு வந்துவிட்டது என்று மருத்துவரே சொல்லிவிட்டார். இழப்பீட்டு வழக்குக்காக லாயர் திருநாவுக்கரசு வீட்டுக்கே வந்திருந்தார். ஊசிக்கு முன் அவள் நன்றாக நடந்தாள் என்று வீட்டார் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"நீங்க சொல்லுங்க தம்பி," என்றார் லாயர்.

அன்று ஊசி போடக் காரில் கூட்டிப் போனவனே கணவன் கோகுலன்தான். அவன் மனைவியைப் பார்க்கவில்லை. "அம்மா சொல்றதுதான்."

துளசிக்கு அப்போதுதான் விளங்கியது. நோயாளி மனைவியைத் துரத்தினால் ஊர் காறித் துப்பும். பெண் வீட்டார் குறையை மறைத்துக் கட்டி வைத்தார்கள் என்று சொன்னால், அதே ஊர் கூடி நின்று வழியனுப்பி வைக்கும்.

"நஷ்டஈடெல்லாம் வேணாம் லா," என்றாள் தனலெட்சுமி. "அவ நிபோங் திபாலுக்கு, அப்பா வீட்டுக்கே போகட்டும். என் மகனுக்கு ஒரு வாழ்க்க வேணும்."

"அத்தை, என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப நடக்கச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அது நம்ம வழக்கம். எல்லாரும்தான் பார்ப்பாங்க."

ஒரு வீடு நிறைய ஆட்கள் பார்க்க, கணுக்கால் தெரியச் சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள் அன்று. அப்பா தலை நிமிரவில்லை. நாத்தனார் ரூபினி அதைப் போனில் வீடியோ பிடித்து, கல்யாணத்துக்குப் பிறகு வேடிக்கையாக அனுப்பியும் வைத்தாள். அவமானம்தான். ஆனாலும் துளசி அழிக்கவில்லை.

இப்போது போனை லாயரிடம் நீட்டினாள். திரையில் பச்சைச் சேலைப் பெண் ஒருத்தி விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் தனலெட்சுமியின் குரல்:

"சேலைய இன்னும் கொஞ்சம் தூக்கும்மா. ம்ம்... இன்னொரு தடவ நட." பிறகு சிரிப்பு. "கால்ல ஒரு குறையும் இல்ல. தட்டு மாத்திக்கலாம்!"

"இது போதும்மா," என்றார் லாயர்.

கோகுலன் எழுந்தான். "துளசி, வீட்டு விஷயத்த ஏன் கோர்ட்டுக்கு..."

அவள் ஊன்றுகோலை எடுத்தாள். இடது காலை இழுத்து இழுத்துக் கூடத்தைக் கடந்து, லாயருக்குக் கதவைத் திறந்துவிட்டாள். பிறகு திரும்பினாள்.

"இன்னொரு தடவ நடக்கணுமா, அத்தை?"