ஒன்பது புள்ளி எட்டு

இயற்பியல் வாத்தியார் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். நான் ஒட்டுக் கேட்பதில்லை. காது தன் போக்கில் கேட்டுக்கொள்கிறது. அன்று சாயங்காலம் அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம்.

"பத்து புள்ளி நாலு வருதுப்பா. மூணு தடவை செஞ்சு பார்த்துட்டேன்."

"ஒன்பது புள்ளி எட்டு வரணும். வரலைன்னா வர வை. ஊரே வர வைக்குது, உனக்கு மட்டும் என்ன?"

விஷயம் இதுதான். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இருபது முறை ஆட எவ்வளவு நேரம் என்று அளந்தால், பூமி நம்மை எப்படி இழுக்கிறது என்று கணக்குப் போடலாமாம். விடைதான் எல்லாருக்கும் தெரியுமே! அதை முதலில் எழுதிவிட்டு, பின்னாலிருந்து நேரத்தை நிரப்புவார்கள். வாத்தியாரே காட்டிய குறுக்குவழி. அதே வகுப்பில் படிக்கும் என் மகள் ஸ்டாப்வாட்சைத் தொட்டதே இல்லை. இருபத்திரண்டு வருஷமாய் ஒரே விடையைத் திருத்துகிற மனிதர் வேறென்ன செய்வார்? செருப்பைக் கழற்றும்போதே அவர் விடும் பெருமூச்சில் எனக்குக் கொட்டாவி வரும்.

லேபில் ஓடுகிற வாட்ச் ஒன்றே ஒன்று. அதைச் செல்போனோடு ஒப்பிட்டுப் பார்த்தவள் அவர் மகள்தான். நாற்பது நொடிக்கு ஒரு நொடிக்கு மேலேயே பின்தங்குகிறதாம்.

"செய்முறைத் தேர்வுல உள்ளதைத்தான் எழுதுவேன்."

"எழுது. பாதி மார்க் போயிடும். கேட்ட காலேஜ் கிடைக்காது. என்னால முடியலம்மா, எதையாவது பண்ணு."

தேர்வன்று நடந்ததை என் மகள் மூச்சிரைக்க வந்து சொன்னாள். வெளிப் பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் தூக்கக் கலக்கத்தோடு மேஜை மேஜையாக வந்து, வாத்தியார் மகளிடம் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, பத்து புள்ளி நாலு?"

"வாட்ச் மெதுவா ஓடுது சார்."

"மத்த முப்பது பேரும் இதே வாட்ச்லதானே பார்த்தாங்க?" என்றவர், பக்கத்தில் நின்ற வாத்தியாரிடம் திரும்பினார். "சார், வாட்ச் சரியாத்தானே இருக்கு?"

ஆமாம் என்றால் மகள் போச்சு. இல்லை என்றால் அவர் பேர் போச்சு. வாத்தியார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

"தப்பா ஓடுது சார். மத்தவங்க யாரும் அதைத் தொடவே இல்ல. நான்தான் அப்படிப் பழக்கினேன்."

முப்பது பேருக்கும் சனிக்கிழமை மறுதேர்வு. அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை. அன்றே பெற்றோர்கள் அவர் வாசலில் கூடிவிட்டார்கள். நான் திட்டப் போகவில்லை. யார் யார் திட்டுகிறார்கள் என்று பார்க்கப் போனேன்.

"உங்க பொண்ணுக்காக எங்க பிள்ளைங்களைக் காட்டிக் கொடுத்துட்டீங்களே வாத்தியாரே!"

"ஆமாங்க," என்றார். "நாளையிலேர்ந்து லேப் திறந்திருக்கும். அனுப்பி வைங்க. முதல்லேர்ந்து சொல்லித் தரேன்."

மறுநாள் என் மகள் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்பினாள்.

"செல்போன்லதான் நேரம் பார்த்தோம். யாருக்கும் நூல்ல முடிச்சுப் போடவே தெரியலம்மா. எண்ணும்போது வேற தப்பிடுது."

"உனக்கு எவ்வளவுடி வந்துச்சு?"

"ஒன்பது புள்ளி மூணு."

"வாத்தியார் என்ன சொன்னார்?"

"'பரவாயில்ல, இது உன்னோடது. இன்னொரு தடவை பாரு'ன்னார். சொல்லிட்டு மேஜைமேல தலை வச்சுப் படுத்துட்டார்."